ட்ரக் டெலிவரி ஆராய்ச்சி: பி.பார்மில் தொடங்கிச் சொந்த லேப் வரை போவது எப்படி

பி.பார்ம் மூன்றாம் வருடமோ கடைசி வருடமோ படிக்கிறீர்கள். மெடிக்கல் ரெப் வேலையில் மனம் ஒட்டவில்லை, மருந்துக்கடை வைக்கவும் ஆசையில்லை, பார்மசூட்டிக்ஸ் பாடம் மட்டும் பிடித்திருக்கிறது. "ஆராய்ச்சி பண்ணப் போறேன், அப்புறம் காலேஜ்ல வேலை" என்று வீட்டில் சொன்னால் எத்தனை வருடம் ஆகும் என்று கேட்கிறார்கள். உள்ளதைச் சொல்லிவிடுங்கள்: பி.பார்ம் 4, எம்.பார்ம் 2, பிஎச்.டி. விதிப்படி குறைந்தது 3 என்றாலும் நடைமுறையில் 4, 5 வரை இழுக்கும், உருப்படியான இடத்தில் வேலை வேண்டுமென்றால் அதற்கு மேல் போஸ்ட்டாக் (பிஎச்.டி. முடித்தபின் இன்னொரு லேப்பில் செய்யும் ஆராய்ச்சி) இரண்டு மூன்று வருடம். பதினெட்டு வயதில் சேர்ந்தவர் முப்பதைத் தொடும்போதுதான் சொந்த லேப் என்ற பேச்சே வரும். இதை இப்போதே சொன்னால் ஒரு வாரம் முனகல், பாதி வழியில் சொன்னால் பெரிய சண்டை.

சரி, அவ்வளவு வருடம் எதற்காக? இது தெரியாமல் உள்ளே வருபவர்கள்தான் அதிகம், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

புது மூலக்கூறைக் கண்டுபிடிப்பது மருத்துவ வேதியியல்காரர்களின் வேலை. அந்த மூலக்கூறு உடம்புக்குள் போய், வேண்டிய இடத்தில், வேண்டிய அளவில், வேண்டிய நேரம் வரை இருக்கும்படி செய்வது நம் வேலை, ட்ரக் டெலிவரி என்பது இதுதான். கேட்க எளிதாக இருக்கும். செமாகுளுடைடை எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய்க்கு ஊசியாக வாரம் ஒருமுறை 1 மில்லிகிராம் போதும் என்று இருந்த மருந்து, 2019-இல் மாத்திரையாக வந்தபோது தினமும் 14 மில்லிகிராம் வரை தர வேண்டியிருந்தது, ஏனென்றால் விழுங்கியதில் ரத்தத்துக்குப் போய்ச் சேர்வது சுமார் 1 சதவீதமோ அதற்கும் குறைவோதான். அந்த ஒரு சதவீதத்துக்கே ஸ்நாக் என்ற துணைப்பொருளைச் சேர்த்து, வெறும் வயிற்றில், கொஞ்சம் தண்ணீரில் விழுங்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. மீதி 99 ஏன் போகவில்லை என்று கேட்டால் வயிற்று அமிலம், புரதத்தை வெட்டும் நொதிகள், குடல் சுவர் என்று வரிசையாக வரும். அந்த வரிசையில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆள் பத்து வருடம் வேலை செய்யலாம்.

இன்னொரு பக்கம் டாக்ஸில். டாக்சோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்தை லிப்போசோம் என்ற நுண்ணிய கொழுப்புக் குமிழுக்குள் அடைத்து, வெளியே பெக் என்ற பாலிமரைப் பூசி, 1995-இல் அமெரிக்காவில் அனுமதி வாங்கியது, நானோ மருந்து என்று பேச ஆரம்பித்தால் எல்லாரும் முதலில் சொல்வது இதைத்தான். அதன் பெரிய லாபம் இதயத்துக்கு வரும் பாதிப்பு குறைந்தது. புற்றுநோய்க் கட்டியைத் தேடிப் போய் அழிக்கிறது என்று கல்லூரி செமினாரில் காட்டும் அம்புக்குறிப் படத்தை அப்படியே நம்பிவிடாதீர்கள். 2016-இல் பத்து வருட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஊசியில் செலுத்திய நானோ துகள்களில் கட்டிக்குள் போய்ச் சேர்ந்தது இடைநிலை மதிப்பில் 0.7 சதவீதம்தான் என்று வந்தது. அந்த எண்ணைப் பற்றியே பெரிய விவாதம் நடந்தது. ஆனால் 2018-இல் அனுமதி பெற்ற பாட்டிசிரான் என்ற சிறு ஆர்.என்.ஏ. மருந்து லிப்பிட் நானோ துகளில் அழகாகக் கல்லீரலுக்குப் போகிறது, ஏனென்றால் ரத்தத்தில் இருக்கும் அப்போ-ஈ புரதம் அந்தத் துகளில் ஒட்டிக்கொள்கிறது, கல்லீரல் செல்கள் அதை அடையாளம் கண்டு உள்ளே இழுத்துக்கொள்கின்றன. இந்த லிப்பிட் வேலை பல வருடம் நடந்து கைவசம் இருந்ததால்தான் 2020-இல் கோவிட் எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசிகள் அத்தனை வேகமாக வர முடிந்தது.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், இந்த வேலைகள் எல்லாவற்றுக்கும் பின்னால் "மருந்து எங்கே தடுக்கப்படுகிறது" என்ற கேள்வி ஒன்று இருக்கிறது. நம் ஊர் நூலகத்தில் பத்து தீசிஸ் எடுத்துப் பாருங்கள், குறைந்தது எட்டு ஒரே மாதிரி இருக்கும்: ஒரு மருந்து, ஒரு பாலிமர், பெரும்பாலும் கைட்டோசான், பாக்ஸ்-பெங்கன் டிசைன் (சோதனைகளைத் திட்டமிடும் புள்ளியியல் முறை), துகள் அளவு, ஜீட்டா (துகளின் மேற்பரப்பு மின்சுமை), ரிலீஸ் கர்வ் (நேரம் போகப்போக எவ்வளவு மருந்து வெளியே வந்தது என்ற வரைபடம்), முடிவுரை. அந்த மருந்துக்கு நானோ துகள் எதற்கு என்று வைவாவில் கேட்டால் "பயோஅவைலபிலிட்டி கூட்ட", அதாவது ரத்தத்துக்குப் போய்ச் சேரும் பங்கைக் கூட்ட, என்று பதில் வரும். அந்த மருந்தின் பயோஅவைலபிலிட்டி ஏற்கெனவே 80 சதவீதம் என்பது யாருக்கும் உறைக்காது. மருந்து நன்றாகக் கரைகிறதா, சவ்வைக் கடக்கிறதா என்று நான்கு வகையாகப் பிரிக்கும் பி.சி.எஸ். முறை 1995-இலிருந்து இருக்கிறது, பி.பார்மிலேயே படிக்கிறோம். கரைவதில்தான் சிக்கல் என்றால் ஒரு வழி, சவ்வில் சிக்கல் என்றால் வேறு வழி, கல்லீரல் முதல் சுற்றிலேயே தின்றுவிடுகிறது என்றால் முற்றிலும் வேறு வழி. இந்த மூன்றில் எது என்று சொல்ல முடியாதவரை பாலிமர் பாட்டிலைத் திறக்காதீர்கள்.

எங்கே எம்.பார்ம் சேர்வது

எம்.பார்முக்கான தேசிய அளவுத் தேர்வான ஜிபேட் எழுதுங்கள், இதில் வேறு பேச்சு இல்லை. 125 கேள்வி, 500 மதிப்பெண், தவறான பதிலுக்கு ஒரு மதிப்பெண் போகும். கடைசி வருடத்திலேயே எழுதலாம். தகுதி பெற்று அனுமதி உள்ள கல்லூரியில் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை இரண்டு வருடம் வரும், பெரும்பாலும் தாமதமாக வரும், அதை நம்பி இ.எம்.ஐ. போடாதீர்கள். நைப்பர் என்ற மத்திய அரசு பார்மசி நிறுவனங்களுக்குத் தனி நுழைவுத்தேர்வு உண்டு. மொகாலி, ஐதராபாத், அகமதாபாத், குவாகாத்தி, ஹாஜிப்பூர், கொல்கத்தா, ரேபரேலி என்று ஏழு இடம். மதுரையில் வருகிறது வருகிறது என்று பல வருடமாகப் பேச்சு, அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

நைப்பர், மும்பை ஐ.சி.டி., பிட்ஸ் பிலானி, ஜாமியா ஹம்தர்த், பனாரஸில் இருக்கும் ஐ.ஐ.டி. மாதிரி இடங்களில் கருவி இருக்கும், சீனியர்கள் இருப்பார்கள், பேப்பர் வரும் சூழல் இருக்கும். தமிழ்நாட்டில் சென்னை மருத்துவக் கல்லூரியின் பார்மசி கல்லூரி, அண்ணாமலைப் பல்கலைக்கழகம், ஊட்டி ஜே.எஸ்.எஸ்., கோவை பி.எஸ்.ஜி. என்று பார்க்க வேண்டியவை பல உண்டு. பெயரைப் பார்ப்பதற்கு முன்னால் அந்தத் துறையில் கடந்த மூன்று வருடத்தில் வந்த பேப்பர்களைத் தேடிப் படியுங்கள். மருந்தின் அளவை அளக்கும் எச்.பி.எல்.சி. கருவி இருக்கிறதா என்பதைவிட அதை மாணவர் தொட விடுகிறார்களா என்பது முக்கியம். பூட்டிய அறையில் ஆய்வுக்குழு வரும் நாளில் மட்டும் ஓடும் கருவி உங்களுக்கு எந்தப் பயனும் தராது.

கருவி இல்லாத கல்லூரியில் சேர நேர்ந்துவிட்டதா, அதோடு கதை முடிந்துவிடாது. சென்னை ஐ.ஐ.டி.யின் சைஃப், கொச்சியில் எஸ்.டி.ஐ.சி. போன்ற பொதுக் கருவி மையங்களில் காசு கட்டினால் சாம்பிளை ஓட்டித் தருவார்கள், ஐ-ஸ்டெம் தளத்தில் எந்தக் கருவி எந்த ஊரில் இருக்கிறது என்று தேடிப் பதிவு செய்யலாம். முடிந்தால் சாம்பிளைக் கூரியரில் அனுப்பாமல் நேரில் கொண்டுபோங்கள், ஆப்பரேட்டரிடம் பேச்சுக் கொடுத்தால் புத்தகத்தில் இல்லாத விஷயமெல்லாம் சொல்வார்.

கைடு

ஊரும் கல்லூரியும் ஓரளவுக்குத்தான், பிஎச்.டி.யில் உங்கள் வாழ்க்கையைத் தீர்மானிப்பது கைடு. சேர்வதற்கு முன் அவரிடம் பேசுவதற்கு முன்னால் அவர் லேப்பில் இருக்கும் அக்காவிடமோ அண்ணனிடமோ தனியாகப் பேசுங்கள், கேன்டீனில், லேப்பில் வேண்டாம். கேட்க வேண்டியது: சேர்ந்தவர்கள் எத்தனை வருடத்தில் முடிக்கிறார்கள், யாராவது பாதியில் போனார்களா, ஏன் போனார்கள், முதல் ஆசிரியர் பெயர் வேலை செய்தவருக்கு வருகிறதா, கெமிக்கல் வாங்கக் காசு யார் தருகிறார்கள், சாருக்கோ மேடத்துக்கோ வரைவைக் கொடுத்தால் எத்தனை நாளில் திருத்தித் தருகிறார். கடைசிக் கேள்விதான் எல்லாரும் விட்டுவிடுவது. வரைவு ஆறு மாதம் மேஜையில் கிடந்தால் உங்கள் ஃபெலோஷிப் ஓடிப்போய்விடும், அவருக்கு ஒன்றும் ஆகாது.

பெரிய பெயருள்ளவரா, புதிதாக லேப் தொடங்கிய இளையவரா என்று கேட்பார்கள். என் சாய்வு இளையவர் பக்கம், ஆனால் அவர் கையில் ஓடுகிற ப்ராஜெக்ட் ஒன்றாவது இருக்க வேண்டும். அவருக்கும் பேப்பர் வேண்டும், உங்களுக்கும் வேண்டும், அதனால் கூடவே நின்று வேலை செய்வார். பெரியவரிடம் சிபாரிசுக் கடிதத்துக்கு மதிப்பு அதிகம், ஆனால் சிலரிடம் வருடத்துக்கு நான்கு தடவை முகம் பார்ப்பதே கஷ்டம்.

வீட்டு வேலை, வங்கி வேலை, பிள்ளைகளை டியூஷனுக்குக் கொண்டுவிடும் வேலை சொல்லும் கைடுகள் இன்னும் இருக்கிறார்கள். சேர்ந்தபின் இதை மாற்ற முடியாது. அதனால்தான் முன்பே கேட்கச் சொல்கிறேன்.

லேப்பில் எதைக் கற்றுக்கொள்வது

ஃபார்முலேஷன் செய்வது இரண்டு மாதத்தில் வந்துவிடும். அளப்பதில்தான் ஆள் தெரிவார். துகள் அளவு 150 நானோமீட்டர், பி.டி.ஐ. (துகள்கள் எவ்வளவு சீரான அளவில் இருக்கின்றன என்று காட்டும் எண்) 0.2 என்று தண்ணீரில் அளந்து எழுதுவார்கள். அதே துகளை சீரத்தில் போட்டு ஒரு மணி நேரம் கழித்து அளந்தால் புரதம் ஒட்டி வேறு எண் வரும், சில சமயம் கட்டி கட்டியாகி அடியில் இறங்கிவிடும். உடம்புக்குள் போகப்போவது அந்த இரண்டாவது துகள்தான்.

டயாலிசிஸ் பை ரிலீஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், பாதி தீசிஸ் இதில்தான் சறுக்குகிறது. துகளைப் பைக்குள் போட்டு வெளியே வரும் மருந்தை அளந்து, 24 மணி நேரம் மெதுவாக வந்தது, ஆகவே சஸ்டெயின்ட் ரிலீஸ் என்று எழுதிவிடுகிறார்கள். வெறும் மருந்துக் கரைசலை அதே பையில் போட்டுப் பார்த்தீர்களா? அதுவே எட்டு மணி நேரம் எடுத்துக்கொண்டால், நீங்கள் அளந்ததில் பெரும்பகுதி பையின் சவ்வு, துகள் இல்லை. அந்தக் கன்ட்ரோல் இல்லாத ரிலீஸ் கர்வை எந்த நல்ல ரிவ்யூவரும் விடமாட்டார். சிங்க் கண்டிஷனும் அப்படியே. மருந்து முழுவதும் வெளியே வந்தாலும் மீடியம் நிறைவுறாத அளவுக்குக் கொள்ளளவு இருக்க வேண்டும், நிறைவுறுவதற்கு வேண்டியதைப்போல மூன்று மடங்காவது வைப்பது வழக்கம். கரையாத மருந்தை 50 மில்லியில் ஓட்டிவிட்டு "மெதுவாக வருகிறது" என்றால், அதற்குப் போக இடமில்லை, அவ்வளவுதான். அப்புறம் கிடைத்த புள்ளிகளை ஹிகுச்சி, கோர்ஸ்மேயர்-பெப்பாஸ் என்று ஐந்து சமன்பாட்டிலும் போட்டு எதில் ஆர்-ஸ்கொயர் அதிகமோ அதுதான் மெக்கானிசம் என்று எழுதுவதை விட்டுவிடுங்கள். ஹிகுச்சி 1961-இல் அந்தச் சமன்பாட்டை எழுதியது களிம்புக்கு, சில அனுமானங்களோடு. அவை உங்கள் துகளுக்குப் பொருந்துமா என்று பார்த்துவிட்டுப் போடலாம்.

மூன்று தடவை அளந்தேன் என்பதும் மூன்று பேட்ச் செய்தேன் என்பதும் வேறு வேறு. ஒரே பேட்ச்சிலிருந்து மூன்று சிறு குப்பியை எடுத்து என் = 3 என்று போட்டால் அது கருவியின் துல்லியத்தைக் காட்டும், உங்கள் முறை திரும்ப வருமா என்பதைக் காட்டாது.

இதற்கு மேல் ஃபார்முலேஷனுக்கு வெளியே ஒரு திறமையாவது கையில் இருக்க வேண்டும். செல் கல்ச்சர், அல்லது பார்மகோகைனடிக்ஸ் (உடம்பில் மருந்தின் அளவு நேரத்தோடு எப்படி மாறுகிறது என்று பார்ப்பது), அல்லது மிகக் குறைந்த அளவு மருந்தையும் அளக்கும் எல்.சி.-எம்.எஸ். கருவியில் முறை உருவாக்குதல், எது உங்கள் கேள்விக்குத் தேவையோ அது. விலங்கு ஆய்வு செய்வதென்றால் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு அனுமதி முன்பே வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் ஆகும், சினாப்சிஸ் எழுதும் நாளிலேயே விண்ணப்பத்தைத் தொடங்கிவிடுங்கள். வேலை முடிந்தபின் அனுமதி எண் தேடுபவரின் பேப்பரை எந்த இதழும் தொடாது.

காசு

பணமில்லாமல் பிஎச்.டி. சேராதீர்கள் என்பதே என் கருத்து, பகலில் கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டு பார்ட் டைமாகச் செய்பவர்களின் சிரமத்தைப் பார்த்துத்தான் சொல்கிறேன். பார்மசிக்கு யு.ஜி.சி. நெட்டில் தனிப் பாடம் கிடையாது. சி.எஸ்.ஐ.ஆர். நெட்டில் லைஃப் சயின்ஸோ கெமிக்கல் சயின்ஸோ எழுதலாம், நம் பாடத்திட்டத்துக்கு வெளியே நிறையப் படிக்க வேண்டியிருக்கும், ஆனால் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் எந்த லேப்பும் கதவைத் திறக்கும். 2023 ஜனவரியிலிருந்து ஜே.ஆர்.எஃப். மாதம் 37,000, இரண்டு வருடத்துக்குப் பிறகு எஸ்.ஆர்.எஃப். 42,000, வீட்டு வாடகைப் படி தனி. எம்.பார்மில் பல்கலைக்கழக அளவில் முதலிடம் வாங்கியவர்களுக்கு இன்ஸ்பயர் ஃபெலோஷிப் இருக்கிறது, இது தெரியாமலே பலர் விட்டுவிடுகிறார்கள். கைடின் ப்ராஜெக்ட்டில் ஜே.ஆர்.எஃப்.பாகச் சேர்வதும் ஒரு வழி, ஆனால் ப்ராஜெக்ட் மூன்று வருடத்தில் முடியும், உங்கள் பிஎச்.டி. முடியாது, அந்த இடைவெளிக்கு என்ன செய்வார் என்று முன்பே கேளுங்கள்.

வெளிநாடு போக நினைப்பவர்களுக்கு: அமெரிக்காவில் நான்கு வருட பி.பார்மோடு நேராக பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாம். கான்சஸ், நார்த் கரோலினா, பர்டூ, யூட்டா, மிச்சிகன் போன்ற இடங்களில் பார்மசூட்டிகல் சயின்சஸ் துறைகளுக்கு நீண்ட மரபு உண்டு, சேர்த்துக்கொண்டால் பெரும்பாலும் கட்டணமும் உதவித்தொகையும் அவர்களே தருவார்கள். நெதர்லாந்து, டென்மார்க்கில் பிஎச்.டி. மாணவர் என்றால் சம்பளம் வாங்கும் ஊழியர் மாதிரி, ஆனால் எம்.பார்ம் முடித்திருக்க வேண்டும். கடன் வாங்கி வெளிநாட்டில் எம்.எஸ். படித்துவிட்டு அங்கே ஆராய்ச்சிக்கு நுழையலாம் என்று கன்சல்டன்சி சொன்னால் கணக்கை இரண்டு தடவை போட்டுப் பாருங்கள். பேராசிரியருக்கு எழுதும் மெயிலில் "ரெஸ்பெக்டட் சார், ஐ ஆம் ஹார்ட்வொர்க்கிங்" எல்லாம் வேண்டாம். அவருடைய சமீபத்திய பேப்பரில் ஒரு படத்தைக் குறிப்பிட்டு, இது ஏன் இப்படி வந்தது, நான் இந்த முறை தெரிந்தவன், இதைச் செய்து பார்க்கலாமா என்று எட்டு வரி எழுதினால் பதில் வர வாய்ப்புண்டு. நூறு பேருக்கு ஒரே மெயில் அனுப்பினால் ஒருவரும் படிக்கமாட்டார்கள்.

பேப்பர், பேட்டன்ட்

நம் துறையில் காசு வாங்கிக்கொண்டு ஒரு வாரத்தில் போடும் இதழ்கள் கொட்டிக் கிடக்கின்றன. நல்ல இதழ்கள் எவை என்று யு.ஜி.சி. வைத்திருந்த கேர் பட்டியலும் 2025-இல் நிறுத்தப்பட்டது, பிஎச்.டி. சமர்ப்பிக்கப் பேப்பர் கட்டாயம் என்ற விதியும் 2022-இல் எடுக்கப்பட்டது (உங்கள் பல்கலைக்கழகம் தனியாகக் கேட்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள்). ஆகவே எது நல்லது என்று முடிவு செய்யும் பொறுப்பு உங்களுடையதுதான். நீங்கள் மேற்கோள் காட்டும் பேப்பர்கள் எந்த இதழ்களில் வந்தனவோ அவற்றைக் குறி வையுங்கள்: இன்டர்நேஷனல் ஜர்னல் ஆஃப் பார்மசூட்டிக்ஸ், மாலிக்யூலர் பார்மசூட்டிக்ஸ், ஏ.ஏ.பி.எஸ். பார்ம்சைடெக், கை எட்டினால் ஜர்னல் ஆஃப் கன்ட்ரோல்ட் ரிலீஸ். கேள்வி உள்ள இரண்டு பேப்பர், கேள்வியில்லாத பதினைந்தைவிட நேர்காணலில் அதிகம் பேசும். ரிவ்யூ பேப்பர் எழுதிக் குவிப்பதும் ஒரு நோய், முதல் வருடம் ஒன்று எழுதுங்கள், அதோடு நிறுத்துங்கள்.

பேட்டன்ட் போடுவதானால் பேப்பருக்கு முன், மாநாட்டு போஸ்டருக்கும் முன் தாக்கல் செய்யுங்கள், வெளியே காட்டிவிட்டால் புதுமை போய்விடும். இந்தியச் சட்டத்தின் 3(டி) பிரிவைப் படித்துவிட்டு வாருங்கள். தெரிந்த பொருளின் புது வடிவம் என்றால் மருத்துவப் பலன் கூடியதாகக் காட்ட வேண்டும், 2013-இல் கிளீவெக் என்ற புற்றுநோய் மருந்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதைத்தான். வெறும் ரிலீஸ் கர்வை வைத்துக்கொண்டு அந்தக் கதவைத் தட்ட முடியாது. வெளிநாட்டு டிசைன் பதிவைப் பத்துப் பேர் காசு போட்டு வாங்கி "பேட்டன்ட்" என்று பயோடேட்டாவில் எழுதுவது இப்போது பரவியிருக்கிறது, தெரிந்தவர் பார்த்தால் உங்கள் மீதி வேலையையும் சந்தேகப்படுவார்.

வேலை

தனியார் பார்மசி கல்லூரியில் எம்.பார்ம் இருந்தாலே அசிஸ்டென்ட் புரொஃபசராகச் சேரலாம், மேலே போக பிஎச்.டி. வேண்டும். அரசு விகிதத்தில் அசிஸ்டென்ட் புரொஃபசரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700. தனியாரில் பல இடங்களில் இதன் பக்கத்தில்கூட வராது, ஒரிஜினல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளும் இடங்களும் உண்டு, கொடுக்காதீர்கள். ஆராய்ச்சிதான் நோக்கம் என்றால் வாரம் எத்தனை மணி நேர வகுப்பு என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். இருபது மணி நேரத்துக்கு மேல் வகுப்பும், அட்மிஷன் சீசனில் ஆள் பிடிக்கும் வேலையும் சேர்ந்தால் லேப்புக்குப் போகவே முடியாது.

போஸ்ட்டாக் போகும்போது பிஎச்.டி.யில் செய்ததையே திரும்பச் செய்யும் லேப்புக்குப் போகாதீர்கள். ராபர்ட் லாங்கர் கெமிக்கல் இன்ஜினியரிங் முடித்துவிட்டு 1974-இல் போனது பாஸ்டனில் ஜூடா ஃபோக்மன் என்ற அறுவை சிகிச்சை நிபுணரின் லேப்புக்கு. அங்கே இருந்த தேவைக்காகத்தான் பெரிய மூலக்கூறுகளைப் பாலிமரிலிருந்து மெதுவாக வெளியே விடும் வேலையைத் தொடங்கினார், 1976-இல் நேச்சரில் வந்தது. அதற்குப் பிறகும் அவருடைய முதல் கிராண்ட் விண்ணப்பங்கள் வரிசையாக நிராகரிக்கப்பட்டன, கெமிக்கல் இன்ஜினியரிங் துறைகள் வேலை தரவில்லை, எம்.ஐ.டி.யில் ஊட்டச்சத்துத் துறையில்தான் இடம் கிடைத்தது. நீங்களும் ஃபார்முலேஷன் தெரிந்தவர் என்றால் நோயெதிர்ப்பு லேப்புக்கோ, நரம்பியல் லேப்புக்கோ போங்கள். அங்கே மருந்தை உள்ளே கொண்டுபோகத் தெரிந்த ஒரே ஆள் நீங்களாக இருப்பீர்கள்.

உள்ளூரில் மத்திய அரசின் ஆராய்ச்சி நிதி அமைப்பான ஏ.என்.ஆர்.எஃப். தரும் நேஷனல் போஸ்ட்டாக்டோரல் ஃபெலோஷிப், வெளிநாட்டிலிருந்து திரும்புகிறவர்களுக்கு ராமலிங்கசுவாமி ஃபெலோஷிப், இளையவர்களுக்கு இன்ஸ்பயர் ஃபேகல்டி, வேலையில் சேர்ந்தபின் பிரைம் மினிஸ்டர் ஏர்லி கரியர் கிராண்ட் என்று வழிகள் இருக்கின்றன. பலவற்றுக்கு வயது வரம்பு உண்டு, பிஎச்.டி. கடைசி வருடத்திலேயே தேதிகளை எழுதி ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள்.

நேர்காணலில் பிஎச்.டி. வேலையை நாற்பது ஸ்லைடில் ஓட்டுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், துகள் அளவுப் படமே எட்டு வரும். குழு கேட்க விரும்புவது வேறு: அடுத்த ஐந்து வருடம் எந்தக் கேள்வி, உங்கள் கைடு செய்வதிலிருந்து அது எப்படி மாறுபடுகிறது, இங்கே இருக்கும் கருவியில் எதை முதல் வருடமே தொடங்க முடியும், யார் பணம் தருவார்கள். பழைய வேலைக்குப் பத்து ஸ்லைடு போதும். பக்கத்து மருத்துவக் கல்லூரியில் உங்களோடு சேர்ந்து வேலை செய்ய ஒத்துக்கொண்ட டாக்டர் ஒருவரின் கடிதத்தையும் கையில் கொண்டுபோங்கள், அதைக் கேட்டால்தான் காட்ட வேண்டும் என்று இல்லை.